மாப்பிள்ளை விளக்கு

தென்காசியில் குருவம்மாளைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. ஆனால் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவளை ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் தெரியும். 'விளக்கு வெடிச்சுச் செத்தானே மாடன், அவன் பொண்டாட்டி' என்பார்கள். நாக்கு கொஞ்சம் நீளமானவர்கள், 'குடிச்சிட்டுப் பம்பு அடிச்சானே, அவன்' என்று சேர்த்துக்கொள்வார்கள். இப்படிச் சொன்னவர்களில் ஒருத்தராவது அன்றைக்கு மாடன் பக்கத்தில் நின்றவரா என்றால், கிடையாது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியவள் அவள்தானே?

மாடன், துல்கர்னைன் முதலாளியின் விளக்குக் கடையில் வேலை பார்த்தான். கல்யாணம், சடங்கு, தர்கா கந்தூரி, கோயில் கொடை, எதுவானாலும் சுற்றுவட்டாரத்துக்குப் பம்பு அடித்துக் காற்றேற்றி எரியவிடுகிற பெட்ரோமாக்ஸ் விளக்கு அந்தக் கடையிலிருந்துதான் வாடகைக்குப் போகும். கிராமங்களில் மின்சாரம் எட்டிப் பார்க்காத நேரம் அது. சும்மாடு கட்டித் தலையில் விளக்கை ஏற்றிக்கொண்டு மாடன் நடந்தால், எண்ணெய் தளும்புகிற சத்தம்கூடக் கேட்காது. கடையில் இருந்த விளக்குகளிலேயே பெரியதற்கு மாப்பிள்ளை விளக்கு என்று பெயர். அது மாப்பிள்ளைக்கு நேர் முன்னால் போகும். அதை மாடனைத் தவிர வேறு யார் தலையிலும் முதலாளி ஏற்ற மாட்டார்.

மாடன் குடிப்பான். மதுவிலக்கு இருந்த காலத்தில் மலையடிவாரத்தில் போய்த் தேடிக் குடித்தவன். இல்லையென்று சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் விளக்குத் தூக்குகிற அன்று தொட மாட்டான். தொட்டால் வீட்டில் சோறு கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். குருவம்மாள் அந்த விஷயத்தில் கறார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு ஆவணியில், கீழப்பாவூரில் ஒரு கல்யாணம். ஆடி கழிந்து வந்த முதல் முகூர்த்தம். மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுக்கில் திரும்பும்போது மாப்பிள்ளை விளக்கின் அடியில் இருக்கிற பித்தளை டேங்க் பட்டென்று வெடித்தது. உள்ளே காற்றின் அழுத்தத்தில் இருந்த சீமெண்ணெய் பீச்சியடித்துத் தீப்பிடித்தது. மாடன் எரிந்துகொண்டே விளக்கைப் பிள்ளைகள் இல்லாத பக்கமாக வீசப் பார்த்தான். ஆனால் இருட்டுக்குப் பயந்து அவன் காலடியை ஒட்டியே நடந்து வந்த செண்பகவல்லி தப்பவில்லை. அவள் மாப்பிள்ளையின் அக்கா பார்வதியம்மாளுக்கு ஒரே மகள். பாவாடையில் பிடித்த தீ அந்தப் பிள்ளையை அங்கேயே முடித்துவிட்டது.

மாடன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். போலீஸ்காரர்கள் வந்து கேட்டபோது அவனுக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது குருவம்மாள் மட்டும்தான் பக்கத்தில் இருந்தாள்.

"எப்பவும் போலத்தாம்ட்டி அடிச்சேன்" என்றான். "கூட அடிக்கல. நீ நம்புதியா?"

நம்புகிறேன் என்றாள். அதோடு அவன் கண்ணை மூடிவிட்டான்.

துல்கர்னைன் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் போலீஸ்காரர்கள் விளக்கு எப்படி வெடித்தது என்று குடைந்து குடைந்து கேட்டபோது, அவருக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொன்னார். பம்பு கூடுதலாக அடித்திருப்பான், வேறு எதற்கு வெடிக்கப்போகிறது என்றார். அது போதாதா? குடிகாரன், பம்பு, வெடித்தது. மூன்றையும் முடிச்சுப்போட்டு ஊரே கதையை முடித்துக்கொண்டது. மாடனுக்குப் பேர் சொல்லப் பிள்ளையும் இல்லை. இருந்தது ஒரு பேர்தான், அதுவும் இப்படிக் கெட்டது.

பார்வதியம்மாளைச் சொல்லவே வேண்டாம். பெற்ற வயிறு. தென்காசிச் சந்தையில் குருவம்மாள் கண்ணில் பட்டால் போதும், கூடையைக் கீழே வைத்துவிட்டு மண்ணை வாரித் தூற்றுவாள். "குடிகாரப் பாவி, எம் பிள்ளயக் கொன்னுட்டுப் போயிட்டானே" என்று அவள் ஆரம்பித்தால் சந்தை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். குருவம்மாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். தன்னைத் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். செத்தவனைத் திட்டுவதைத்தான் அவளால் தாங்க முடியாது. இந்த ஒருத்தி, ஊரில் வேறு யாரும் வேண்டாம், இந்த ஒருத்தி மட்டும் மாடன் மேல் குற்றமில்லை என்று ஒருநாள் சொல்லிவிட்டால் போதும் என்று அவள் சாமி கும்பிடாத நாளில்லை.

தானும் வேலை பார்த்த விளக்குக் கடையில் இருக்கப் பிடிக்காமல் அவள் குற்றாலத்துக்குப் போனாள். சீசன் நேரத்தில் அங்கே விடுதிகளில் கூட்டிப் பெருக்கவும் தண்ணீர் எடுக்கவும் ஆள் வேண்டியிருக்கும். போகும்போது முதலாளியிடம் கேட்டு வெடித்த டேங்கை வாங்கிக்கொண்டாள். பரணில் போட்டிருந்ததை எடுத்துக் கொடுத்தவர், இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். அவளுக்கே தெரியவில்லை. மாடன் கை பட்ட சாமான் என்று மட்டும் சொன்னாள்.

அறுபத்தொன்றாம் வருஷத்துச் சீசனில் மதராஸ் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் உலோகவியல் துறையார் குற்றாலத்தில் ஒரு பொருட்காட்சி போட்டார்கள். சீசனுக்கு நாலு ஜில்லா ஜனமும் வருமே, படித்ததை அவர்களுக்கும் சொல்லலாம் என்று யாருக்கோ தோன்றிய நல்ல யோசனை. ஐந்தருவி போகிற வழியில் ஒரு சத்திரத்தைப் பிடித்து, துருப்பிடித்த குழாய், அறுந்த சங்கிலி, முறிந்த அச்சு என்று மேஜை மேஜையாக அடுக்கி, ஒவ்வொன்றும் ஏன் அப்படி ஆயிற்று என்று தமிழில் பெரிது பெரிதாக எழுதி வைத்தார்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை. அறிவு வளர வந்தவர்கள் பாதி என்றால், சாரலுக்கு ஒதுங்க வந்தவர்கள் பாதி. எண்ணெய்த் தலையும் ஈர வேட்டியுமாக வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, "இரும்புக்குள்ள அரிசி மாதிரி தெரியுதே" என்று வாயைப் பிளப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அத்தனை பேர் சொட்டவிட்ட தண்ணீரையும் துடைப்பது குருவம்மாள் வேலை.

அங்கே விளக்கம் சொன்ன ஆராய்ச்சி மாணவர்களில் நெல்லையப்பன் என்று ஒருவன் இருந்தான். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடித்துக் காட்டி, "பார்த்தீங்களா, ஒடிச்சது என் கை இல்ல, கம்பிக்குள்ள ஏற்கெனவே ஆரம்பிச்ச கீறல்" என்று அவன் சொன்னதைத் துடைப்பத்தோடு நின்று குருவம்மாள் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் டேங்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன் மேஜையில் வைத்தாள்.

"தம்பி, இது பம்பு கூட அடிச்சதால வெடிச்சதா, வேற எதனாலயுமான்னு ஒங்க மிசின்ல பாத்துச் சொல்லுவியளா?"

அவன் விளையாட்டாகத்தான் கையில் எடுத்தான். வெடித்த ஓரத்தை விரலால் தடவியதும் முகம் மாறிவிட்டது. காற்று மிஞ்சி வெடித்திருந்தால் தகடு உப்பி, கிழிந்து, ஓரம் மெலிந்து போயிருக்கும். இது மெலியவே இல்லை, மண்சட்டி விரிசல் விட்ட மாதிரி இருக்கிறது என்றான். பேராசிரியரிடம் காட்ட வேண்டும், அடுத்த சீசனுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று கேட்டான். அவள் கொடுத்தாள். அந்த ஒரு வருஷம் அவளுக்கு எப்படிப் போனது என்று சொல்லி முடியாது. சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் மாடன் போனதற்குப் பிறகு அவள் சிரித்ததும் அந்த வருஷம்தான்.

மறு வருஷம் நெல்லையப்பன் வந்தான், சொன்ன வார்த்தை தவறாமல். வந்தவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. புதிர் அவிழ்ந்த சந்தோஷம், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவளை உட்காரவைத்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான்.

பித்தளைத் தகட்டை அழுத்தி வளைத்துப் பாத்திரமாக்கும்போது அதற்குள் ஒரு இழுவிசை தங்கிவிடும். வெளியே தெரியாது. அப்படியே இருந்தால் நூறு வருஷமானாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஈரக்காற்றோடு அமோனியா என்கிற நெடியும் சேர்ந்து அதன் மேல் பட்டால், உள்ளே மணிமணியாக இருக்கிற உலோகத்துக்கு நடுவே மயிரிழை போல விரிசல் விட ஆரம்பிக்கும். அதன் பிறகு எப்போதும் அடிக்கிற பம்பே அதற்கு எமன். அவர்கள் பரிசோதனையே செய்து பார்த்துவிட்டார்கள். புதுப் பித்தளைக் கிண்ணம் ஒன்றை அந்த நெடியிலும் ஈரத்திலும் மூடி வைக்க, அதுவும் இதே மாதிரி விட்டுவிட்டது. அந்தக் கிண்ணத்தையும் கொண்டுவந்திருந்தான்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு..."

"அவர் மேல ஒரு தப்பும் இல்ல அக்கா. யார் பம்பு அடிச்சிருந்தாலும் வெடிச்சிருக்கும்."

குருவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ சொன்னாள். நெல்லையப்பனுக்கும் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்காரன் புத்தி போகுமா, ஒன்றே ஒன்று மட்டும் தெரியவில்லை என்றான். கடையில் இருக்கிற விளக்குக்கு அந்த நெடி எங்கிருந்து வந்திருக்கும்? மாட்டு மூத்திரம், குதிரை மூத்திரம் தேங்குகிற இடத்தில்தான் அது அவ்வளவு இருக்கும். "சாரல் நேரத்துல அந்த விளக்கைத் தொழுவம், லாயம்னு எங்கயாவது வச்சிருந்தாங்களா அக்கா?"

குருவம்மாள் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தெரியாது என்றா சொல்வது? அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஆடியில் இந்துக்கள் வீட்டில் கல்யாணம் கிடையாது. விளக்குகளுக்கும் அப்போதுதான் ஓய்வு. அவற்றைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கித் துணி சுற்றி எடுத்து வைப்பது வருஷா வருஷம் குருவம்மாள் வேலை. வழக்கமாகக் கடை மச்சில்தான் வைப்பார்கள். ஐம்பத்தேழில் மச்சு ஒழுகியது. எங்கே வைக்கலாம் என்று முதலாளி கையைப் பிசைந்தபோது, கடைக்குப் பின்னால் இருந்த குதிரை லாயத்தைச் சொன்னவள் அவள்தான். நல்ல ஓட்டுக்கூரை, ஒரு சொட்டு இறங்காது. தன் குடிசை பக்கத்திலேயே இருக்கிறது, திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வேன் என்றாள். சீசன் கூட்டத்தை ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்கு ஏற்றிப்போக வெளியூர் ஜட்கா வண்டிகளும் வந்திருந்ததால் லாயம் குதிரைகளால் நெருக்கியடித்துக் கிடந்தது. மூச்சு முட்டுகிற நெடி. அது குதிரை வாடை, விளக்கை என்ன செய்துவிடும்? உத்தரத்தில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டாள். மாப்பிள்ளை விளக்கை மட்டும், புருஷன் தூக்குகிற விளக்காயிற்றே என்று, சாரல் துளிகூட அடிக்காத உள்மூலையில் கட்டினாள். குதிரைகள் நின்ற மூலை அதுதான்.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே தென்காசிக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஆவணியில் வேறு இரண்டு விளக்குகளும் எண்ணெய் கசிந்ததும், பழசாகிவிட்டது என்று ஈயம் வைத்து அடைத்ததும் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசியில், "மாடனப் பத்தி நான் சொன்னது தப்பு. அல்லா என்ன மன்னிக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாஞ் சொல்லுதத கேளு குருவம்மா. பித்தள கெட்டுப்போச்சு, அதோட நிறுத்திக்கோ. லாயத்துப் பேச்ச எடுக்காத. தெரிஞ்சா செஞ்ச? ஒன்ன ஒருத்தரும் விட மாட்டாவ."

அவர் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. மறுநாள் குற்றாலம் திரும்பியதும், பார்வதியம்மாளிடம் கூட வந்து சொல்கிறேன் என்ற நெல்லையப்பனை வேண்டாம் என்றாள். அவன் வாய் சும்மா இருக்காது, லாயம் வரைக்கும் போய்விடும். வெடித்த டேங்கையும் விட்டுப்போன கிண்ணத்தையும் மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கீழப்பாவூர் பஸ் ஏறினாள்.

பார்வதியம்மாள் வீட்டு முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரென்று பார்த்ததும் சுளகைக் கீழே வைத்துவிட்டாள். வழக்கமான ஏச்சு ஆரம்பிக்கும் முன்னே குருவம்மாள் இரண்டு பித்தளையையும் அவள் முன்னால் வைத்துக் கிடுகிடுவென்று சொல்லத் தொடங்கினாள். பல்கலைக்கழகத்தில் வைத்துப் பார்த்தார்கள் என்றாள். பம்பு கூட அடித்ததில்லை, பித்தளை முன்னமே விரிசல் விட்டிருக்கிறது, யார் தூக்கியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றாள். பார்வதியம்மாள் முதலில் காதில் போட்டுக்கொள்ளாததுபோல் இருந்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்து விரிசலைப் பார்த்தாள். டேங்கை அவள் தொடவில்லை.

"அப்ப அவன் குடிச்சிருக்கலையா?"

"எம் பிள்ள இல்லாத வயித்து மேல சத்தியமா இல்லம்மா."

பார்வதியம்மாள் முகத்தில் ஏதோ இளகுகிறதென்று குருவம்மாளுக்குத் தோன்றியது. அதற்குள் அந்த முகம் திரும்பவும் இறுகிப்போனது.

"புரியுது. கெட்டுப்போன வெளக்குன்னு தெரிஞ்சே வாடகைக்கு அனுப்பியிருக்கான் அந்தக் கடைக்காரன். தன் தப்ப மறைக்கத்தான செத்தவன் மேல பழியப் போட்டான்? அவன் குடும்பம் வெளங்குமா? எம் பிள்ள மாதிரி அவன் பிள்ளையும்..."

"யம்மா, வேண்டாம்" என்று குருவம்மாள் அவள் கையைப் பிடித்துவிட்டாள். "அவரு பிள்ளயச் சொல்லாதீய."

"பின்ன யாரச் சொல்ல? வெளக்கு தானாவா கெட்டுது?"

சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? துல்கர்னைன் முதலாளிக்குச் சாபம் ஒட்டினால் ஒட்டட்டும், மாடன் தப்பினானே என்று இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மனுஷன் செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"நாந்தாம்மா கெடுத்தேன்" என்றாள். லாயத்தையும், ஒழுகின மச்சையும், உள்மூலையையும், ஒன்று விடாமல் சொன்னாள். "நனையக் கூடாதுன்னுதான் அங்கன வச்சேன். குதிர மூத்திரத்து நெடி பித்தளயத் திங்கும்னு எனக்குத் தெரியாது. ஒங்க பிள்ளயும் எம் வீட்டுக்காரரும் என் கையாலதான் போனாவ."

சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பார்வதியம்மாள் அழுதுகொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல்.

"நீ எதுக்குட்டி வந்து சொன்ன?" என்றாள். "செத்தவனத் திட்டுதது எனக்கு லேசா இருந்துது. நெனச்சா திட்டுவேன், மனசு கொஞ்சம் ஆறும். நீயும் என்ன மாதிரி பறிகொடுத்துட்டு நிக்க. இனி நான் யாரப் போய்த் திட்டுவேன்?"

பார்வதியம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகிறவள் நிலைப்படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"ஒம் புருசன இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவன் மேல குத்தமில்ல. ஆனா நீ என் கண்ணுல படாத. பட்டா ஒன்ன என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

குருவம்மாள் பித்தளைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து பஸ்ஸுக்கு நின்றாள். தென்காசிச் சந்தைக்கு அதன் பிறகு அவள் போகவே இல்லை. அடுத்த வருஷம் பொருட்காட்சியில் டேங்கை வைக்க நெல்லையப்பன் அனுமதி கேட்டபோது கொடுத்துவிட்டாள். பித்தளைப் பாத்திரங்களைத் தொழுவத்திலும் லாயத்திலும் வைக்காதீர்கள் என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். யார் பேரும் எழுதவில்லை, எழுத வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். வேறு ஒரு வீட்டிலாவது இப்படி ஆகாமல் இருக்கட்டும் என்று, சீசன்தோறும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தினமும் துடைத்து வைத்தாள்.

அதெல்லாம் பிறகு. அன்று கீழப்பாவூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ செத்துப்போன வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஐந்து வருஷமாக அவள் காத்துக்கிடந்த அந்த ஒரு வார்த்தையைப் பார்வதியம்மாள் வாயாலேயே கேட்டாகிவிட்டது. வீட்டுக்குப் போய் அதைச் சொல்ல மாடன்தான் இல்லை.